முன் சக்கரம் எத்தனை அங்குலம்?

நெடுந்தூரம் போக மோட்டார் சைக்கிள் தேடுபவர்கள் விவரத் தாளைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது குதிரைத்திறன். அடுத்து டேங்க் கொள்ளளவு, அப்புறம் மீட்டரில் இருக்கும் கலர் திரை. கெட்ட ரோட்டுக்கும் ஏற்ற அட்வெஞ்சர் டூரரா, தார் ரோட்டில் வேகமாகப் போகும் ஸ்போர்ட் டூரரா என்ற கேள்விக்கு இவற்றில் எதிலும் விடை கிடைக்காது. தாளின் அடிப்பக்கம் டயர் அளவு என்று ஒரு வரி இருக்கும், அங்கே போங்கள். முன் சக்கரம் 17 அங்குலமா, 19 அங்குலமா, 21 அங்குலமா என்று பாருங்கள். வண்டியைச் செய்தவர்கள் எந்த ரோட்டை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

17 என்றால் தார் ரோட்டு வண்டி. டயர் முன்னால் 120/70, பின்னால் 180/55 அல்லது 190/50 (முதல் எண் அகலம் மி.மீ.-இல், அடுத்தது டயரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது). கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ், சுஸுகி ஜி.எஸ்.எக்ஸ்-எஸ் 1000 ஜி.டி, யமஹா ட்ரேஸர் 9 எல்லாம் இந்த வகை. 21 என்றால் மண்ணையும் கணக்கில் எடுத்துச் செய்தது: ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. நடுவில் 19. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ், சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 அங்கே நிற்கின்றன. பெரும்பாலும் தார், இடையிடையே கெட்ட ரோடு என்று ஓடுபவர்களுக்கானது.

பெயரையும் தோற்றத்தையும் நம்பினால் ஏமாந்துபோவோம். கவாஸாகி வெர்சிஸ் 650 உயரமாக, மூக்கு நீண்டு, பார்க்க அட்வெஞ்சர் வண்டி மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டு சக்கரமும் 17 அங்குலம், சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், முன்னால் 150 மி.மீ., பின்னால் 145 மி.மீ. நிமிர்ந்து உட்கார வைத்த ஸ்போர்ட் டூரர் என்பேன் நான். அதில் குறையொன்றும் இல்லை, பலருக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். இன்னொரு பக்கம், ஒரே என்ஜினில் ஒரே பெயரில் வரும் வண்டிகளே ஆளுக்கொரு திசையில் போகும். ட்ரையம்ஃப் டைகர் 900-இல் ஜி.டி ரகத்துக்கு 19 அங்குலம், ராலி ரகத்துக்கு 21. சுஸுகி வி-ஸ்ட்ராம் 800-க்கு 19, அதே 800 டி.இ-க்கு 21. ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது வித்தியாசம் ஸ்டிக்கரில் மட்டும் இருப்பதுபோலத் தெரியும். ஓட்டினால் வேறு வேறு வண்டி.

இடையில் ஒன்று. இன்றைய பி.எம்.டபிள்யூ ஜி.எஸ் வரிசைக்கு மூதாதையான ஆர் 80 ஜி/எஸ் 1980-இல் வந்தது. முதல் எழுத்து ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலத்தையும் இரண்டாவது ரோட்டையும் குறிக்கும். அந்த வண்டியின் முன் சக்கரம் 21 அங்குலம். இப்போதைய ஜி.எஸ்ஸில் 19. வாங்கியவர்கள் வண்டியை எங்கே ஓட்டினார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

சரி, பெரிய சக்கரம் என்னதான் செய்கிறது? பள்ளத்தில் விழாது, கல்லில் ஏறிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த லாபம் நினைத்ததைவிடச் சிறியது. 120/70-17 டயரின் வெளி விட்டம் ஏறத்தாழ 600 மி.மீ., 90/90-21 டயருக்கு 695 மி.மீ. 100 மி.மீ. உயரமுள்ள ஒரு கல்லில் மோதினால், முன்னதில் கல் தொடும் இடம் சக்கரத்தின் அடியிலிருந்து 48 டிகிரியில் இருக்கும், பின்னதில் 44 அல்லது 45 டிகிரியில். வித்தியாசம் அவ்வளவுதான். மீதி வேலையை வேறு மூன்று விஷயங்கள் செய்கின்றன. டயர் ஒடுக்கமாக இருப்பதால் தளர்ந்த ஜல்லியை விலக்கிக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும், அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். ஸ்போக் ரிம் அடி வாங்கினால் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும், பிறகு கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். வார்ப்பு அலாய் ரிம்மில் உதடு மடங்கி காற்று கசியும், பலமான அடி என்றால் விரிசல். மூன்றாவது சஸ்பென்ஷன் பயணம்: ஆப்பிரிக்கா ட்வின்னுக்கு முன்னால் 230 மி.மீ., நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ்ஸுக்கு 120 மி.மீ. மண் ரோட்டில் ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

அதே 230 மி.மீ. தார் ரோட்டில் கணக்கை வேறு விதமாகத் தீர்க்கும். வளைவுக்கு முன் பலமாக முன் ப்ரேக் பிடித்தால் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நிறையவே உள்ளே போகும். மூக்கு குனியும், பின் சக்கரத்தில் எடை குறையும், ப்ரேக்கை விட்டதும் மூக்கு மேலே எழும். அடுத்தடுத்து இடம், வலம் என்று வளைவுகள் வந்தால் வண்டி இந்த ஊஞ்சலாட்டத்திலேயே இருக்கும். சாய்க்கும்போது 21 அங்குலச் சக்கரம் தன் சுழல்விசையால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், ஹேண்டிலில் கூடுதலாகத் தள்ள வேண்டும். நேர்க்குத்திலிருந்து ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணத்திலும் இதைப் பார்க்கலாம்: நிஞ்ஜாவுக்கு 24 டிகிரி, ஆப்பிரிக்கா ட்வின்னுக்கு 27.5. கோணம் குறைந்தால் வண்டி சட்டென்று திரும்பும், கூடினால் நேர்க்கோட்டில் நிலைத்து ஓடும்.

டயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி மண், பாதி ரோடு என்று விற்கப்படும், பெரிய ரப்பர் கட்டைகள் துருத்திய டயர்களைப் பார்வைக்காகவே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண் சுமையைச் சொல்லும்: 58 என்றால் 236 கிலோ, 69 என்றால் 325, 73 என்றால் 365. எழுத்து வேக வரம்பு: கியூ 160 கி.மீ., டி 190, ஹெச் 210, வி 240, டபிள்யூ 270. காண்டினென்டல் டி.கே.சி 80 போன்ற கட்டை டயர் பல அளவுகளில் கியூ தான். அந்த வேகத்தை யார் தொடப்போகிறார்கள் என்று கேட்கலாம். நாள் முழுக்க முழுச் சுமையுடன் 120-இல் ஓடினால் கட்டைகள் சூட்டில் சீக்கிரம் கரையும், ஈரத் தாரில் பிடிமானம் குறையும், இரைச்சல் வேறு. மண் ரோடு பயணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையென்றால் ரோட்டு டயர் போட்ட அட்வெஞ்சர் வண்டியே போதும்.

பஞ்சரைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிடுங்குங்கள். அதே சாய்வில் அரத்தை நாலைந்து முறை உள்ளே விட்டு ஓட்டையைச் சொரசொரப்பாக்குங்கள். பசைக் கயிற்றை ஊசியில் கோத்து மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்வரை அழுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுங்கள். வெளியே நிற்பதில் 3 மி.மீ. விட்டு வெட்டி, காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பத்து பதினைந்து நிமிஷ வேலை. ஓட்டை பக்கச் சுவரில் இருந்தால் இது உதவாது.

டியூப் போட்ட ஸ்போக் சக்கரம் என்றால் கதை வேறு. சென்டர் ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் கல்லையோ பெட்டியையோ அண்டக் கொடுக்க வேண்டும். அச்சைக் கழற்றி, பின் சக்கரமானால் செயினை இறக்கி, டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். அதிக நேரம் தின்பது இந்த விளிம்புதான், வெறுங்காலால் மிதித்தால் அசையாது. பக்கத்தில் இன்னொரு வண்டி இருந்தால் அதன் சைடு ஸ்டாண்டை டயர் மேல் வைத்து அழுத்திப் பிரிப்பார்கள். இரண்டு மூன்று நெம்புகோல், சோப்புத் தண்ணீர், மாற்று டியூப் வேண்டும். திரும்ப ஏற்றும்போது கடைசி ஒரு சாணில் அவசரப்பட்டு நெம்பினால் புது டியூபையும் கடித்துவிடும். அப்படி நடக்காமலிருக்க டியூபில் கொஞ்சம் காற்றடித்து உருட்டு வடிவம் வந்த பிறகு ஏற்றுவது, எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி வைத்துக்கொள்வது, இரண்டும் அவசியம். பழகிய கைக்கே முக்கால் மணி நேரம். ஆகவே ஸ்போக் பிடித்திருந்தால் அது டியூப்லெஸ் ஸ்போக்கா என்று கேட்டு வாங்குங்கள். ஹிமாலயன் 450-இல் இரண்டு வகையும் உண்டு. விளிம்பு ஓரத்தில் ஸ்போக் பொருத்தும் பெரிய வண்டிகளில் டியூப் இருக்காது.

எதிர்க்காற்று விஷயத்தில் ஸ்போர்ட் டூரர் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி சரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 100-லிருந்து 130-க்குப் போனால் எதிர்ப்பு 1.7 மடங்கு, அதை வெல்லத் தேவைப்படும் சக்தி 2.2 மடங்கு. நிமிர்ந்த உடம்பு, அகல ஹேண்டில், இரண்டு பக்கமும் பெட்டி என்று போகும் வண்டி இந்த இடத்தில் பெட்ரோல் குடிக்கும். 100-இல் லிட்டருக்கு 22 கொடுத்தது 130-இல் 17-க்கு இறங்கினால் ஆச்சரியப்படாதீர்கள். 20 லிட்டர் டேங்கில் அது 100 கி.மீ. வித்தியாசம்.

ஆனால் களைப்பைத் தருவது காற்றைவிட, காற்றின் குலுக்கல். வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடியின் மேல் விளிம்பில் பிரியும் காற்று சுழலாகி நேராக ஹெல்மெட்டில் வந்து அடிக்கும். கண்ணாடி போதவில்லை என்று இன்னும் உயரமானதை வாங்கி மாட்டுவார்கள், குலுக்கல் கூடும். கண்டுபிடிக்க எளிய வழி: காலியான நேர் ரோட்டில் சீரான வேகத்தில் போகும்போது இடது கையைத் தட்டையாக வைத்து ஹெல்மெட்டின் நெற்றிக்கு முன்னால் மெதுவாக உயர்த்துங்கள். கை நடுங்கும் உயரம் சுழல், அதற்கு மேல் சீராகத் தள்ளும் உயரம் சுத்தமான காற்று. தலை அந்தச் சுத்தமான காற்றில் இருந்தால் போதும், அதற்குப் பல நேரம் கண்ணாடியைக் குட்டையாக்குவதே தீர்வு. எப்படியானாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் எந்த வண்டியில் போனாலும் மாலையில் தலை கனக்கும்.

முழு ஃபேரிங் (என்ஜினையும் சேர்த்து மூடும் வெளிக்கூடு) உள்ள வண்டியில் இன்னொன்று, வெப்பம். ரேடியேட்டர் காற்று முழங்காலைத் தொட்டுக்கொண்டு வெளியேறும் அமைப்பு குளிருக்கு சுகம், வெயிலுக்குத் தண்டனை. பத்து நிமிஷச் சோதனை ஓட்டத்தில் இது தெரியாது. நெரிசலில் இருபது நிமிஷம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

சுமைக்கு வருவோம். பெரிய வண்டி எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையை ஒரு கழித்தல் கணக்கு உடைத்துவிடும். ஆர் 1250 ஜி.எஸ்ஸின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 465 கிலோ, டேங்க் நிரம்பிய வண்டி 249 கிலோ. மிச்சம் 216. ஓட்டுபவர் ஜாக்கெட், பூட்ஸ், ஹெல்மெட்டோடு 95, பின்னால் உட்காருபவர் 72 என்றால் 49 கிலோ மீதி. அலுமினியப் பெட்டி இரண்டும் அவற்றின் கம்பிச் சட்டமும் காலியாகவே 15 கிலோ வரும். கிராஷ் கார்டு, என்ஜினுக்கு அடியில் தகடு என்று போட்டால் இன்னும் 8 முதல் 10. துணிமணி, கருவி, தண்ணீருக்கு 25 கிலோ அளவுதான் மிஞ்சுகிறது. ஸ்போர்ட் டூரர்களுக்கும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள், சிலவற்றில் இருவர் ஏறினாலே வரம்பை நெருங்கிவிடும்.

சுமை ஏற்றினால் பின் ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, மாற்ற வேண்டும். இதைச் செய்யாமலே வண்டியைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். வண்டியைத் தூக்கி பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளிக்கு உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு முழு உடுப்போடு, பெட்டியோடு, ஆளோடு ஏறி உட்கார்ந்து, இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, இன்னொருவரை அதே தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தப் பயணத்தில் 30 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும்: 144 மி.மீ. பயணமுள்ள வண்டிக்கு 43, 220 உள்ளதற்கு 66. அதைவிட அதிகம் அமுங்கினால் முன்னழுத்தத்தைக் கூட்டுங்கள். கூட்டாமல் போனால் பின்பக்கம் குந்தி, முன் சக்கரம் லேசாகி, வளைவில் வண்டி வெளியே ஓடும். விளக்கு எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். பெரிய டாப் பாக்ஸும் சேர்ந்தால் வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி நெளியும். நெளிந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், திடீர் ப்ரேக்கும் வேண்டாம். தொடையால் டேங்கைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறையுங்கள்.

உயரத்தால் விழுவதுதான் அட்வெஞ்சர் வண்டிகளில் வழக்கமாக நடப்பது, அதுவும் நின்ற இடத்தில். 850 மி.மீ. சீட்டில் பெருவிரல் மட்டும் தரையைத் தொடுபவருக்கு, ஒரு பக்கம் சரிந்த ரோட்டில் காலை ஊன்றும்போது தரை இல்லாமல் போய்விடும். லிங்க் (பின் சஸ்பென்ஷனை இணைக்கும் பட்டை) மாற்றிப் பின்பக்கத்தைத் தாழ்த்துபவர்கள், ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றி முன்பக்கத்தையும் அதே விகிதத்தில் தாழ்த்த வேண்டும், சைடு ஸ்டாண்டையும் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பம் மந்தமாகி, நிறுத்தும்போது வண்டி நட்டுக்குத்தாக நிற்கும். சீட்டை மாற்றுவது இதைவிட நல்லது. ஆனால் மெதுவேகத்தில் அட்வெஞ்சர் வண்டிக்கு ஒரு சாதகம் உண்டு. ஹேண்டில் அகலம், திரும்பும் கோணமும் அதிகம். ஒடுங்கிய ரோட்டில் ஸ்போர்ட் டூரர் இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டித் திரும்பும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பிவிடும்.

விழுந்தால் சேதமும் வேறு. கிராஷ் கார்டும் கைக்காப்பும் உள்ள வண்டியைத் தூக்கித் துடைத்துவிட்டுப் போகலாம். ஃபேரிங் வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே பேனல், கண்ணாடி, இண்டிகேட்டர், லிவர் என்று நீளும். 250 கிலோவைத் தூக்க முதலில் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி விடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகு காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை ஒட்டி, ஒரு கையால் ஹேண்டிலின் தாழ்ந்த நுனியையும் மறு கையால் சட்டத்தையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் வண்டியோடு நீங்களும் படுத்துவிடுவீர்கள்.

செயின் பற்றிச் சுருக்கமாக. நீண்ட பயண சஸ்பென்ஷனுக்குச் செயின் தொய்வு அதிகம் வேண்டும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலே வரும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஆர்மின் கீல், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் செயின் உச்ச இறுக்கத்தில் இருக்கும். ஸ்போர்ட் வண்டிப் பழக்கத்தில் இறுக்கி வைத்தால் கியர்பாக்ஸின் வெளித் தண்டு பேரிங் அடி வாங்கும். கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள்.

என்னிடம் கேட்டால், போகும் ஊர்களின் பட்டியலை எடுங்கள். அங்கே தார் முடிந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? திரும்பிவிடுபவர், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டர் மெல்ல உருட்டிக் கடப்பவர் என்றால் 17 அங்குலம் போதும். எல்லாத் தேவைக்கும் ஒரே வண்டி, பின்னால் எப்போதும் ஆள், ரோடு எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றால் 19. மண்ணில் நின்றுகொண்டு ஓட்டப் பழகியவர், பழக நேரம் ஒதுக்குபவர் மட்டும் 21-க்குப் போகலாம், அதுவும் முடிந்தவரை எடை குறைந்ததாக. 196 கிலோ ஹிமாலயனை மணலிலிருந்து தனியாக மீட்கலாம். 250 கிலோ வண்டிக்கு இன்னொரு ஆள் வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் இரண்டையும் ஒரே மாதிரி சோதிக்காதீர்கள். அட்வெஞ்சரில் ரிம் உதட்டை விரலால் தடவிச் சுற்றி வாருங்கள், ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். மற்றவை கணீரென்று ஒலிக்க ஒன்று மட்டும் சொத்தென்றால் அது தளர்ந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டருக்கு அந்தப் பக்கம், என்ஜின் பக்கம், தூசி இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். இருந்தால் அந்த வண்டி வேண்டாம். ஸ்போர்ட் டூரரில் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, ஃபேரிங்கின் கொக்கிகள் உடைந்து ஒட்டப்பட்டிருக்கின்றனவா, வால்வ் இடைவெளி சோதித்த ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பொதுவானது ஸ்டீரிங் பேரிங்: முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரே விரலால் மெல்ல இடமிருந்து வலம் நகர்த்துங்கள். நேராக நிற்கும் இடத்தில் டக்கென்று பள்ளத்தில் விழுவதுபோல் உணர்ந்தால் பேரிங் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.